மாடியில் சோலார், தெருவில் வோல்டேஜ்: வாசகர் கேள்வி-பதில்

மேற்கூரை சோலார் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். எந்த கம்பெனி பேனல் நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது இந்தப் பக்கத்தின் வேலை இல்லை. மாடியில் உற்பத்தியான கரண்ட் கீழே இறங்கித் தெருவுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்டவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் ஊர் கொங்குப் பக்கம் ஒரு கிராமம். மாடியில் 3 கிலோவாட் சோலார், சிங்கிள் பேஸ். முதலில் நன்றாகத்தான் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே அளவு போட்ட பிறகு, பகல் பதினொரு மணிக்கு மேல் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று காட்டிவிட்டு, பேனல் கரண்டை வீட்டு கரண்டாக மாற்றும் இன்வர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. மாட்டிக் கொடுத்தவர் லைன் சரியில்லை என்கிறார். ஆபீஸில் கேட்டால் இன்வர்ட்டரைப் பாருங்கள் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் தகட்டில் 11000/433 வோல்ட் என்று எழுதியிருக்கும், சில ஊர்களில் 22000/433. இந்த 433 என்பது இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள அளவு. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பார்த்தால் 250. வீட்டுக்கு வேண்டியது 230தானே, எதற்கு 250 என்றால், லோடு ஏறும்போது டிரான்ஸ்பார்மருக்கு உள்ளேயும் கொஞ்சம் இறங்கும், கம்பியில் போகப் போக இன்னும் இறங்கும், அதனால் கிளம்பும் இடத்தில் தூக்கி வைத்தால்தான் கடைசி வீட்டுக்கு 220ஆவது போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு வைத்தது அது. கடைசி வீட்டிலிருந்து கரண்ட் திரும்பி வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, நினைக்கக் காரணமும் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். டிரான்ஸ்பார்மரிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து எல்.டி. லைனில், அதாவது டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்த லைனில் ஓடும் வீசல் ரகக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம் மின்தடை. போக ஒரு கம்பி, வர நியூட்ரல், இரண்டும் சேர்த்து 0.72 ஓம். உங்கள் 3 கிலோவாட்டும் முழுசாக வெளியே போனால் 13 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். கரண்ட் உங்கள் வீட்டிலிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போக வேண்டுமென்றால் உங்கள் வீட்டு வோல்டேஜ் அங்கே இருப்பதைவிட அந்த 9 வோல்ட் உயரமாக இருந்தே ஆக வேண்டும். மதியம் ஊரில் பெரிதாக லோடும் இல்லை, டிரான்ஸ்பார்மர் வாசலிலேயே 240 நிற்கிறது என்றால் உங்கள் வீட்டில் 249 அல்லது 250. இது வரைக்கும் ஓடும். பக்கத்து வீடும் அதே பேஸில் இருந்தால் அவருடைய 13 ஆம்பியரும் அதே கம்பியில்தான் போக வேண்டும், இன்னொரு 9 ஏறி 259 ஆகிவிடும். வோல்டேஜ் 110 விழுக்காட்டைத் தாண்டினால், அதாவது 253ஐத் தாண்டினால், 2 நொடிக்குள் இன்வர்ட்டர் பிரிந்துவிட வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதி. உங்கள் இன்வர்ட்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து, நல்ல வெயில் நேரத்தில் மீட்டர் முனையிலும் இன்வர்ட்டர் முனையிலும் ஒரே சமயத்தில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் மூன்று வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாடியிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் மெல்லிசு, அல்லது எங்கோ ஜாயின்ட் லூஸ், அது மாட்டிக் கொடுத்தவர் தலையில் விழும். மீட்டரிலேயே 250 தாண்டினால் ஈ.பி. ஆபீஸில் ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளரிடம்) எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது எங்கும் நிற்காது. மலிவான வைத்தியம், உங்கள் இரண்டு வீட்டில் ஒன்றை வேறு பேஸுக்கு மாற்றுவது. லைன்மேன் கம்பத்தில் ஏறினால் சீக்கிரம் முடிகிற வேலை. அதிலும் தீரவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி, அதாவது இரண்டரை விழுக்காடு இறக்கலாம், ஆனால் சப்ளையை நிறுத்தித்தான் மாற்ற முடியும், மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று தினமும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மதியத்துக்காக இறக்கி வைத்தால் ராத்திரி ஏழு மணிக்கு லைன் கடைசியில் இருப்பவர் வீட்டு மிக்ஸி திணறும். அதனால் டேப்பில் கைவைப்பதற்கு முன் பேஸை மாற்றிப் பார்ப்பதுதான் முறை.

மூன்று பேஸ் சர்வீஸ் இருந்தால் அதே 3 கிலோவாட் மூன்று கம்பியில் பிரிந்து போகும், நியூட்ரலில் ஒன்றும் ஓடாது, வோல்டேஜ் ஏற்றம் ஆறில் ஒரு பங்காகிவிடும். பெரிதாகப் போட நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சிலர் இன்வர்ட்டருக்குள் புகுந்து அந்த 253 வரம்பை 265, 270 என்று ஏற்றிவிட்டு, சரியாகிவிட்டது சார் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்கள் பில் குறையும், தெருவில் யாருடைய டிவி போகும் என்று சொல்ல முடியாது. வீட்டு சப்ளையில் 6 விழுக்காடு மேலே கீழே போகலாம் என்பதுதான் விதி, அதன்படி 244ஏ உச்சம்.

கேள்வி: கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே, உச்சி வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். சோலார் போட்டு என்ன பயன்?

லைனில் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கம்பிக்கு கரண்ட் ஏறினால் அவர் உயிர் போகும். அதனால்தான் நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். கரண்ட் போனாலும் வீட்டுக்கு மட்டும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வர்ட்டர் போட வேண்டும். செலவு கூடும். வருஷத்தில் எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டிரான்ஸ்பார்மரில் இத்தனை விழுக்காடு சோலாருக்கு மேல் ஏற்ற முடியாது என்று ஒரு வரம்பு உண்டாமே? திண்டுக்கல்லில் என் தங்கை வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த எண்ணை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நல்ல கேள்வி, இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

கலிபோர்னியாவில் சோலார் அரிதாக இருந்த காலத்தில் ஒரு தோராயக் கணக்குப் போட்டார்கள். ஒரு லைனின் உச்ச லோடு 100 என்றால் அதன் மிகக் குறைந்த லோடு ஏறக்குறைய 30 இருக்கும், அதில் பாதி 15, ஆகவே 15 விழுக்காடு வரை யாரையும் கேட்காமல் இணைத்துக்கொள்ளலாம், கரண்ட் திரும்பிப் பாயவே பாயாது. அதற்கு மேலே போனால் ஆய்வு செய்யுங்கள் என்றார்கள். ஆய்வு தொடங்குகிற இடம் என்று வைத்த எண் அது. ஊர் ஊராகப் பயணம் செய்து வந்தபோது அதுவே எல்லைக்கோடாக மாறிவிட்டது. இந்தியாவில் 2013இல் வந்த மாதிரி விதியிலும் 15தான் இருந்தது, தமிழ்நாட்டில் அதே வருஷம் டிரான்ஸ்பார்மர் திறனில் 30 விழுக்காடு என்று வைத்தார்கள், பிறகு பல மாநிலங்களில் எண் ஏறிக்கொண்டே போனது.

ஒரே எண்ணை எல்லா டிரான்ஸ்பார்மருக்கும் வைப்பதுதான் தப்பு என்பேன். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடும் தெருவில் 100 கேவிஏ திறன் உள்ள ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, அதே 100 கேவிஏ புறநகரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடியிருப்பிலும் இருக்கிறது. தறித் தெருவில் மதியம் பன்னிரண்டு மணிக்கு லோடு 60, 70 கிலோவாட்கூட நிற்கும். மாடியில் விளைகிற கரண்ட் அடுத்த வீட்டுத் தறியிலேயே தீர்ந்துபோகும், கம்பத்தைக்கூடத் தாண்டாது. குடியிருப்பில் அதே நேரம் ஃப்ரிட்ஜ், ஓரிரண்டு ஃபேன், பத்துப் பன்னிரண்டுகூட வராது. முதல் தெருவில் 60 கிலோவாட் சோலார் போட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டாவதில் 30 போட்டாலே, அதுவும் லைன் கடைசியில் ஒரே பேஸில் குவிந்தால், முதல் கேள்வி கேட்டவர் கதைதான். ஆகப் பார்க்க வேண்டியது மூன்று: மதிய நேரத்தில் மிகக் குறைந்த லோடு எவ்வளவு, வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து எவ்வளவு தூரம், எந்த பேஸ். தகட்டில் உள்ள கேவிஏ அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

ஹவாயில் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுப் படித்தார்கள். 2013 வாக்கில் பல பீடர்களில் (துணைமின் நிலையத்திலிருந்து ஒரு வட்டாரத்துக்குப் போகும் லைன்களில்) மாடி சோலார் மதியக் குறைந்த லோடையே நெருங்கிவிட, மின் நிறுவனம் புது இணைப்புகளை இழுத்துப் பிடித்தது. பேனல் வாங்கி மாட்டியவர்கள்கூட அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விண்ணப்பம் வந்து குவிந்த பிறகு கணக்குப் போட ஆரம்பித்தால் அப்படித்தான் ஆகும்.

உங்கள் தங்கைக்கு: 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருத வேண்டும், 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் விநியோக நிறுவனத்துடையது. இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம். மக்களுக்கு நல்ல விதிதான், ஆனால் ஆய்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஒவ்வொரு தெருவுக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டிய வேலை ஈ.பி.க்கு இரண்டு மடங்காகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. எரிபொருளுக்கு டொலர் இல்லை என்று தவித்த நாட்டில், இலவசமாகக் கிடைக்கிற வெயிலை அணைக்கச் சொல்வது என்ன நியாயம்?

கேட்கும்போது அநியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் அதே வருஷம் பெப்ரவரி 9ஆம் திகதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, முற்பகல், நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. குரங்கால் ஒரு துணைமின் நிலையம் போகலாம், நாடு முழுக்கப் போகக் கூடாது. அது ஏன் போனது என்பதற்கு மின்சார சபை பிறகு சொன்ன விளக்கம்தான் முக்கியம்: ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் நன்றாக இருந்ததால் அதில் பெரும் பங்கு சூரிய மின்சாரம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன.

நீர்மின், அனல்மின் நிலையங்களின் கனமான சுழலிகள் ஓடிக்கொண்டே இருந்தால், ஏதாவது ஒன்று திடீரென்று விழும்போது அவற்றின் சுழற்சி வேகமே சில நொடி தாங்கிப் பிடிக்கும், அதற்குள் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். மாடியில் இருக்கும் சாதாரண இன்வர்ட்டருக்கு அப்படிச் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, வோல்டேஜோ ஃப்ரீக்வென்சியோ (நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு, வழக்கமாக 50 ஹெர்ட்ஸ்) வரம்பைத் தாண்டினால் எல்லா மாடிகளும் சேர்ந்து கழன்றுகொள்ளும். இந்தியா மாதிரி பெரிய கிரிட்டில் இது கரைந்துபோகும். இலங்கை ஒரு தீவு, அயல்நாட்டோடு கம்பித் தொடர்பும் இல்லை. ஏப்ரல் 13 முதல் 21 வரை தொழிற்சாலைகள் பூட்டு, அலுவலகங்கள் பூட்டு, வெயில் உச்சம். ஓடியே ஆக வேண்டிய இயந்திரங்களுக்கு இடம் வேண்டுமென்றால் எதையாவது நிறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. வீட்டுக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, தயவு செய்து அணையுங்கள் என்று கேட்க வேண்டிய நிலைக்கு வந்தது திட்டமிடலின் குறை. இலங்கையில் 2016இலேயே ‘சூரிய பல சங்கிராமய’ தொடங்கி எல்லோரையும் கூரையில் போடச் சொன்னார்கள். அப்போதே, குறிப்பிட்ட அளவுக்கு மேலே உள்ள நிலையங்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்க்கவும் குறைக்கவும் வழி செய்திருக்கலாம். ஜெர்மனியும் இதே பள்ளத்தில் விழுந்தது. அங்கே பழைய விதிப்படி ஃப்ரீக்வென்சி 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் எல்லா சோலார் இன்வர்ட்டரும் ஒரே நொடியில் கழன்றுகொள்ளும்படி அமைத்திருந்தார்கள். சோலார் கொஞ்சமாக இருந்தவரை கவலையில்லை. பல ஆயிரம் மெகாவாட் ஆன பிறகுதான், வெயில் நாளில் அந்த எண்ணைத் தொட்டால் ஐரோப்பா முழுவதற்கும் கையிருப்பாக வைத்திருக்கும் 3000 மெகாவாட்டைவிட அதிகமாக ஒரே அடியில் காணாமல் போகும் என்று உறைத்தது. 2012இல் சட்டம் போட்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அந்த அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. ஹவாய்க்கு அதிர்ஷ்டம், 2015இல் என்பேஸ் நிறுவனம் சுமார் 8 லட்சம் சின்ன இன்வர்ட்டர்களின் அமைப்பை இணையம் வழியாகவே மாற்றிக் கொடுத்துவிட்டது. நாளைக்கு ஆயிரக்கணக்கில் பெருகப்போகும் பொருளின் அமைப்பை முதல் பத்து வைக்கும்போதே சரியாக வைத்துவிட்டால் செலவே இல்லை.

கேள்வி: காற்றாலைக்குப் பேர்போன மாநிலம் நாம். அப்போது வராத பிரச்சினை சோலாருக்கு மட்டும் ஏன்?

வந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. 1990களில் முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் மளமளவென்று முளைத்தபோது அந்த வட்டாரத்து லைன்கள் கிராமத்துக்கு சப்ளை கொடுக்கப் போட்டவை. அந்தக் கால இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள் யூனிட்டைக் கொடுத்துக்கொண்டே ரியாக்டிவ் பவரை, அதாவது வேலை செய்யாமல் காந்தப் புலத்துக்காக மட்டும் போய் வரும் மின்சாரத்தை, லைனிலிருந்து இழுத்தன, வோல்டேஜ் படுத்துக்கொண்டது. கப்பாசிட்டர் வைக்கச் சொல்லி, இழுப்பதற்குக் கட்டணமும் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. காற்று இருக்கும், லைனில் இடம் இருக்காது, ஆலையை நிறுத்தி வை என்பார்கள். அங்கே வோல்டேஜ் இறங்கியது, இங்கே ஏறுகிறது, மற்றபடி கதை ஒன்றுதான்: ஆலை ஒரு வருஷத்தில் வந்துவிடும், துணைமின் நிலையம் வர நாலைந்து வருஷமாகும்.

கேள்வி: நான் மின் பொறியியல் இறுதியாண்டு மாணவி. விநியோக வலையமைப்பில் சோலாரை எங்கே, எவ்வளவு வைப்பது என்று புராஜெக்ட் செய்கிறேன். 33 பஸ், அதாவது 33 இணைப்பு முனைகள் உள்ள மாதிரி வலையமைப்பை எடுத்து, ஒரு ஆப்டிமைசேஷன் முறை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார் கைடு. சரியா அம்மாவோ ஐயாவோ?

ஐயாதான். கைடு சொன்னால் செய்துவிடு, மார்க் முக்கியம். ஆனால் அந்த 33 பஸ் 1989இலிருந்து அதே 33 பஸ்தான் அம்மா. எறும்பு, தேனீ, ஓநாய், திமிங்கலம் என்று ஒரு மிருகம் பாக்கியில்லாமல் அதன் பேரில் ஒரு முறையைக் கண்டுபிடித்து, அந்த முப்பத்து மூன்றில் எந்த இடத்தில் வைத்தால் லைனில் வீணாகும் மின்சாரம் குறையும் என்று ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதிவிட்டார்கள். உண்மையில் எந்த மாடியில் வைப்பது என்று ஈ.பி. முடிவு செய்வதே இல்லை. கையில் காசும் நிழல் விழாத மாடியும் உள்ளவர் வைக்கிறார். ஆகக் கேள்வியைத் திருப்பிப் போடு: யார் எங்கே வைப்பார்கள் என்று தெரியாத நிலையில் இந்தப் பீடர் எவ்வளவு தாங்கும், முதலில் எந்த இடத்தில் இடிக்கும்? நூற்றுக்கணக்கான விதமாக வீடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு விதத்துக்கும் வருஷம் முழுக்க மணிக்கு மணி லோடு ஃப்ளோ, அதாவது எந்தக் கம்பியில் எவ்வளவு கரண்ட், எங்கே எவ்வளவு வோல்டேஜ் என்ற கணக்கை, ஓட்டிப் பார். அதற்கான ஓப்பன் டி.எஸ்.எஸ். என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, மூன்று பேஸையும் தனித்தனியாகக் கணக்குப் போடும். சமநிலையான ஒற்றைக் கோட்டுப் படத்தை வைத்துச் செய்தால் மேலே கொங்குப் பக்கத்து வாசகருக்கு வந்த மாதிரிப் பிரச்சினை உன் கம்ப்யூட்டரில் வரவே வராது.

இதற்கு வேண்டிய தகவலில் கிடைக்காதது ஒன்று: எந்த வீடு எந்த பேஸில் இருக்கிறது என்பது. பல இடங்களில் அது எந்த ரெக்கார்டிலும் இருக்காது, லைன்மேன் தலைக்குள்தான் இருக்கும். ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு டிரான்ஸ்பார்மரையாவது அவரோடு நடந்து, கம்பம் கம்பமாகக் குறித்துக்கொண்டு வா. உன் புராஜெக்ட்டில் அந்த ஒரு தாளுக்கு இருக்கிற மதிப்பு மற்ற அறுபது பக்கத்துக்கு இருக்காது.

கேள்வி: விவசாய பம்ப்செட்டுக்குப் பகலில் சோலார் கரண்ட் கொடுத்தால் என்ன?

கொடுக்க வேண்டிய இடமே அதுதான். விவசாயத்துக்கு சோலார் கொண்டுவரும் மத்திய அரசின் பிஎம் குசும் திட்டத்தில், துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சிறு நிலையங்கள் வைத்து அந்த வட்டாரத்துக்கே கொடுக்க வழி உண்டு. விவசாய பீடரைத் தனியாகப் பிரித்து அதை சோலாரில் ஓட்டும் வேலையை மகாராஷ்டிராவில் 2017லிருந்தே தொடங்கிவிட்டார்கள். வெயில் இருக்கும்போது மோட்டார் ஓடும், கரண்ட் எங்கேயும் திரும்பிப் பாய வேண்டியதில்லை, ராத்திரி பாம்புக்குப் பயந்துகொண்டு மடை திருப்பப் போக வேண்டியதும் இல்லை. ஆனால் பீடரைப் பிரிக்காமல், வீடும் வயலும் ஒரே லைனில் கிடக்கும்போது இந்தக் கணக்கு சரிவராது.

கேள்வி: ஈ.பி.காரர்களுக்கு சோலார் பிடிக்காது, வருமானம் போய்விடும் என்றுதானே இழுத்தடிக்கிறார்கள்?

வருமானம் போவது உண்மை. மாடி சோலார் போடுவது பெரும்பாலும் நிறைய யூனிட் ஓட்டி, உயர்ந்த ஸ்லாபில் பணம் கட்டுகிறவர்கள். அவர்கள் விலகினால் கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், லைன்மேன் சம்பளம் என்று மாறாமல் நிற்கும் செலவை மிச்சமிருப்பவர்கள்தான் சுமக்க வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு சோலார் வீட்டுக்கும் அதே கம்பிதான் வேண்டும். இதை வெளிப்படையாகப் பேசி ஒரு நியாயமான கட்டணம் வைப்பது நல்லது. விண்ணப்பத்தை மேசையில் போட்டு வைப்பதற்கு மட்டும் இது சாக்கு ஆகாது.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் என் வீட்டுக்கு 10 கிலோவாட் போடச் சொல்லி ஒருவர் நச்சரிக்கிறார். போடலாமா?

வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். உங்களுக்கு வேண்டியது நாளைக்கு எட்டு யூனிட் சொச்சம், 2 கிலோவாட் போதும், ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் 3. மத்திய அரசு மானியமும் 2க்கு 60,000, 3க்கு 78,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். அவர் 10 என்று சொன்னது உங்கள் பில்லைப் பார்த்தா, மாடியைப் பார்த்தா என்று கேட்டுப் பாருங்கள்.